பக்கத்தை யாரிடம் ஒப்படைப்பது

சாமி,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ பாதிச் சோற்றில் எழுந்து போனதிலிருந்து இந்த வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. உங்கப்பா டிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமலே உட்கார்ந்திருக்கிறார். நான் ஆபீசுக்குப் போகிறேன், வருகிறேன், பாத்திரம் கழுவுகிறேன், கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவுகிறேன். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு, சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் மாடியில் ஒரு அறை பிடித்து, வெப் ஹோஸ்டிங் கம்பெனி தொடங்கப்போவதாக நீ சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த வாய் எடுக்கும் முன்னே நீ கேட்டாய்: "மொத வெப்சைட்டு நம்முளுதாத்தான் இருக்கோணும்மா. நம்ம பக்கத்த எங்கிட்டக் குடுத்துருங்க." நான், "யோசிச்சுச் சொல்றேன் சாமி" என்றேன். உன் முகம் மாறிப்போயிற்று. "இதுல யோசிக்க என்னங்கம்மா இருக்குது? பெத்த பையன் மேலயே நம்பிக்கை இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். கேட்டதற்குப் பதில் என்னிடம் இருந்தது. உங்கப்பா எதிரில் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவருக்கும் அது தெரியாது.

இந்தக் கடிதத்தை உன் போனுக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை. நம் பக்கத்திலேயே எல்லோரும் படிக்கும்படி போடப்போகிறேன். ஏன் என்று படித்துக்கொண்டே வந்தால் உனக்குத் தெரியும். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் சொல்லிக்கொண்டு போவேன். பொறுத்துக்கொள்.

நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் இருபத்தாறு வருஷமாக நான் கம்ப்யூட்டர் கிளார்க். எந்த வண்டி எங்கே லோடு ஏற்றியது, எங்கே இறக்கியது என்பதெல்லாம் என் மேசையில்தான் இருக்கும். அதனால் டிரைவர்களின் வீட்டுப் பெண்கள் என்னைத் தேடி வருவார்கள். "அக்கா, அவரு போன எடுக்கலீங்க, வண்டி எங்க நிக்குதுங்க?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் ஒரு போனில் தெரிந்துவிடும். சில சமயம் தெரியாது. வண்டி கிடைக்கும், ஆள் கிடைக்கமாட்டான். ஒரிசாவிலோ குஜராத்திலோ ரோட்டோரம் லோடு கலையாமல் வண்டி நிற்கும், சீட்டில் போன் கிடக்கும், ஆளைக் காணோம். போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த பிறகு அந்தப் பெண்களுக்குப் போக இடம் இருக்காது. என் மேசைக்கே திரும்ப வருவார்கள். அவர்கள் கொடுத்த போட்டோக்களையும் அடையாளங்களையும் நான் வாட்ஸ்அப்பில் டிரைவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். கல்லூரி மூன்றாம் வருஷத்தில் நீ அதைப் பார்த்துவிட்டு, "இப்படி அனுப்புனா நாலு நாள்ல மேல போயிருமுங்கம்மா, ஒரு பக்கமாப் போட்டுரலாம்" என்று சொல்லி, காணாமல் போன டிரைவர்களுக்கும் கிளீனர்களுக்கும் ஒரு வெப்சைட் செய்து கொடுத்தாய். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், யாரையாவது எங்கேயாவது பார்த்தால் அதிலேயே போட்டோவோடு எழுதி அனுப்பலாம். வெப்சைட் என்று நாம் ஒருநாளும் சொன்னதில்லை. நம் வீட்டில் அதற்குப் பேர் 'பக்கம்'தான். அதனால் இன்றைக்கு வரைக்கும் ஒன்பது பேர் வீடு திரும்பியிருக்கிறார்கள். அதில் உன் பங்கு பாதிக்கு மேல்.

நீ பெங்களூருக்குப் போகும்போது, பக்கத்தை ஒரு நல்ல ஹோஸ்டிங் கம்பெனியிடம் மாற்ற வேண்டும் என்றாய். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாய். பக்கம் என்பது எங்கேயோ ஒரு சர்வரில் இருக்கிறது, அந்த சர்வரை யாரோ இராப்பகலாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவர்கள் சரியில்லை என்றால் நம் பக்கம் எவ்வளவு நன்றாக இருந்தும் பிரயோசனம் இல்லை என்றாய். தினமும் நகல் எடுத்து வேறு இடத்தில் வைக்கிறார்களா, போன் செய்தால் எடுக்கிறார்களா, பக்கத்தின் பெயர், அதாவது ஆட்கள் அடித்துத் திறக்கிற விலாசம், நம் பேரில் பதிவாகிறதா என்று மூன்று கேள்வி கேட்கச் சொன்னாய். நான் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. மோகனூரில் இருக்கும் என் அண்ணன் மகனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் பேரை இங்கே பிரபு என்று மாற்றி எழுதுகிறேன். உனக்கு யாரென்று தெரியும்.

பிரபு அப்போதுதான் சேலத்தில் ஒரு கடை போட்டு, கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்து ஹோஸ்டிங்கும் கொடுத்துக்கொண்டிருந்தான். நீ போனில், "மாமா பையன்னு பார்க்காதீங்கம்மா, கேக்க வேண்டியதக் கேட்டுட்டுக் குடுங்க" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உனக்கும் உங்கப்பனுக்கும் எங்க ஊட்டு ஆளுங்கன்னாலே எளக்காரம்" என்றேன். கல்யாணமாகி வந்த நாள் முதல் பொறந்த வீட்டை இந்த வீட்டில் யாராவது ஒரு சொல் குறைத்துப் பேசிவிடுவார்களோ என்று காவல் காத்தே பழகிப்போனவள் நான். பிரபு கடைக்கு நான் போன அன்றைக்கு, "வாங்கத்தை, வாங்கத்தை" என்று எழுந்து வந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். இளநீர் வாங்கி வந்து கொடுத்தான். அந்த மரியாதைக்கு முன்னால் உட்கார்ந்து, "நகல் எடுக்கறியா? பெயர் யார் பேர்ல இருக்கும்?" என்று கேட்பது அவனைச் சந்தேகப்படுகிற மாதிரி இருந்தது. "அதெல்லாம் நான் பாத்துக்கறனுங்கத்தை, நீங்க நிம்மதியாப் போங்க" என்றான். நிம்மதியாகத்தான் வந்தேன்.

அறிகுறிகள் இல்லாமல் இல்லை. சாயங்கால நேரத்தில் பக்கம் திறக்கவே ஒரு நிமிஷம் ஆகும். ஒருநாள் திறந்தால் சிவப்பாக, இது பாதுகாப்பான பக்கம் அல்ல என்று வந்தது. பிரபுவுக்குப் போன் செய்தால் எடுக்கமாட்டான், ஆனால் மறுநாள் அவனே கூப்பிட்டு, "சாரிங்கத்தை, மறந்துட்டேன், இப்பப் பாருங்க" என்பான். சரியாகிவிடும். அந்த 'சாரிங்கத்தை'யை நான் நல்ல கவனிப்பு என்று எடுத்துக்கொண்டேன். கவனிப்பவனாக இருந்தால் நான் போன் செய்யும் முன்னே அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு பக்கம் நின்றுபோன அந்த ஒன்பது நாள். ஒரு வெள்ளிக்கிழமை பக்கம் திறக்கவில்லை. சனிக்கிழமையும் இல்லை. பிரபுவின் போன் அணைந்திருந்தது. திங்கட்கிழமை அண்ணனைக் கூப்பிட்டால், பிரபுவுக்கு டெங்கு, சேலத்தில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், ரத்தத்தில் தட்டணு இறங்கிக்கொண்டே போகிறது என்று அழுகிறார். அந்த நேரத்தில் பக்கத்தைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவன் கடையில் அவனைத் தவிர வேறு ஆள் இல்லை, பாஸ்வேர்டு வேறு யாருக்கும் தெரியாது. அவன் பிழைத்து எழுந்து உட்கார்ந்த பிறகுதான் நடந்தது என்னவென்று தெரிந்தது. சர்வர் அவனுடையதே இல்லை. எங்கேயோ வெளிநாட்டுக் கம்பெனியிடம் மொத்தமாக இடம் வாங்கி, அதைத் துண்டு துண்டாக நம்மைப் போன்றவர்களுக்குக் கொடுத்திருக்கிறான். அதில் இருந்த இன்னொருவரின் வெப்சைட்டுக்குள் யாரோ புகுந்து அங்கிருந்து மோசடி மெயில்களை அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கம்பெனி பிரபுவுக்கு எச்சரிக்கை மேல் எச்சரிக்கை எழுதியிருக்கிறது. படிக்க ஆள் இல்லை. பதில் வரவில்லை என்று மொத்தக் கணக்கையும் மூடி, எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள்.

பிரபுவின் லேப்டாப்பில் நாலு மாசத்துக்கு முந்தின நகல் ஒன்று இருந்தது. கையில் ஊசி குத்தின இடத்தில் பஞ்சை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து, வேறு ஒரு சர்வரில் அதை ஏற்றிக்கொடுத்தான். பக்கம் திரும்ப வந்துவிட்டது. அந்த நாலு மாசம் வரவில்லை. புதிதாகச் சேர்த்த ஆட்களின் விவரம், ஜனங்கள் எழுதி அனுப்பின தகவல்கள் எல்லாம் போயிற்று. தகவல்களின் பிரதி என் மெயிலுக்கும் வரும்படி நீ செய்திருந்தாய். ஆனால் அந்த மெயில் பெட்டியும் அதே சர்வருக்குள்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் உட்கார்ந்து தகவல்களைப் படிப்பது என் வழக்கம். பக்கம் வெள்ளிக்கிழமை நின்றது. அந்த வாரம் திங்கள் முதல் வியாழன் வரை வந்ததை நான் பார்க்கவே இல்லை.

நீ அன்றைக்கே சொன்னாய். கோபப்படாமல், சத்தம் போடாமல் சொன்னாய். "போனது போச்சுங்கம்மா. பக்கத்துல மேலயே பெருசா ஒரு அறிவிப்புப் போடுங்க. இந்த நாலு மாசத்துல தகவல் அனுப்புனவங்க எல்லாரும் தயவு பண்ணித் திரும்ப அனுப்புங்க, எங்ககிட்ட இருந்தது அழிஞ்சுபோச்சுன்னு போடுங்க." சரி என்றேன். போடுவதற்கு உட்கார்ந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டார். பிரபுவுக்கு அடுத்த மாசம் கல்யாணம். பெண் வீட்டார் தங்கள் கடையின் வெப்சைட்டையும் அவனிடம்தான் கொடுத்திருந்தார்கள். நல்ல காலமாக அது வேறு இடத்தில் இருந்ததால் தப்பித்தது. அண்ணன் சொன்னார்: "அம்மிணி, பையன் இப்பத்தான் பொழச்சு வந்திருக்கறான். கல்யாணம் ஆவட்டும். அதுக்குள்ள ஊருக்கெல்லாம் தெரியற மாதிரி ஒண்ணும் போட்டுராத." ஒரே ஒரு மாசம்தானே என்று நினைத்தேன். நீ இரண்டு நாள் கழித்து, "போட்டாச்சுங்களாம்மா?" என்று கேட்டாய். "போட்டுட்டேன் சாமி" என்றேன்.

போடவில்லை, கண்ணு. நீ திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அம்மா போட்டேன் என்றால் போட்டிருப்பாள் என்று இருந்துவிட்டாய். கல்யாணம் நன்றாக நடந்தது. நீயும் வந்து பந்தியில் பரிமாறினாய். அதற்கப்புறம் போடலாம் என்று பார்த்தால், இத்தனை நாள் ஏன் போடவில்லை என்று யாராவது கேட்பார்களே என்று வந்தது. ஒரு வாரம் தள்ளினேன். இன்னொரு வாரம் தள்ளினேன். அப்புறம் அது என் மனசில் ஒரு மூலைக்குப் போய்விட்டது.

பக்கம் அழிந்து ஏழு மாசம் கழித்துப் பரமத்திப் பக்கத்து டிரைவர் தங்கராசு, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு நம் ஆபீசுக்கு வந்தார். தண்ணி குடித்தார். கிளம்பும்போது சாதாரணமாகக் கேட்டார்: "ஏனுங்கக்கா, அந்த ஓமலூர் ஆளு மாதேசனப் பத்திப் போட்டா அனுப்பி இருந்தனே, பாத்தீங்களா? ஒரு பதிலும் காணமே." மாதேசன் காணாமல் போய் அப்போது மூன்று வருஷம். நாக்பூருக்கு இந்தப்புறம் டோல்கேட் பக்கத்தில் வண்டி நின்றது, செருப்பும் போனும் வண்டிக்குள்ளேயே கிடந்தன. அவன் மனைவி பூங்கொடி இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாசம் ஒருமுறையாவது எனக்குப் போன் செய்வாள். தங்கராசு சொன்னார்: "நாக்பூரு தாண்டி ஒரு தாபாவுல பாத்தனுங்க. பாத்திரம் கழுவிட்டு இருந்தாப்ல. தாடி வளந்து கெடக்குது, புருவத்துல அந்தத் தழும்பு அப்படியே இருக்குது. அண்ணா எந்த ஊருங்கன்னு தமிழ்ல கேட்டேன். நிமுந்து பாத்து 'ஓமலூரு'ன்னாப்ல. அப்புறம் ஒண்ணும் பேசல, பாத்திரத்தத் தூக்கிட்டு உள்ள போயிட்டாப்ல. திரும்ப வெளிய வந்தப்ப வண்டியில உக்காந்தே போட்டா எடுத்து உங்க பக்கத்துல அனுப்புனேன். 'தகவல் கிடைத்தது, தொடர்பு கொள்கிறோம்'னு வந்துதே." எந்த நாள் என்று கேட்டேன். வியாழக்கிழமை. பக்கம் நின்றதற்கு முந்தின நாள்.

அவருடைய பழைய போன் உடைந்து, போட்டோவும் போயிருந்தது. இடம் மட்டும் நினைவில் இருந்தது. பூங்கொடியின் தம்பி மறுநாளே ரயிலேறிப் போனான். தாபாக்காரர் ஒத்துக்கொண்டார். ஆமாம், இந்த ஆள் இங்கேதான் இருந்தான், யாரோடும் பேசமாட்டான், நல்ல உழைப்பாளி, போன மழைக்காலம் முடிகிறபோது ஒரு லாரியில் ஏறிப் போய்விட்டான், எங்கே என்று தெரியாது என்றார். அவன் அங்கிருந்து போய் இரண்டு மாசம்தான் ஆகியிருந்தது. சாமி, நான் விரல் விட்டுப் பார்த்தேன். பக்கம் அழிந்த பிறகு ஐந்து மாசம் அந்த மனுஷன் அதே தாபாவில் இருந்திருக்கிறான். நான் அறிவிப்புப் போட்டிருந்தால் தங்கராசு கண்ணில் பட்டிருக்கும், திரும்ப அனுப்பியிருப்பார். அவர் வாரத்துக்கு இரண்டு முறை நம் பக்கத்தைத் திறந்து பார்க்கிறவர்.

பூங்கொடிக்கு இது எதுவும் தெரியாது. தம்பி வெறுங்கையோடு திரும்பின அன்றைக்கு அவள் எனக்குப் போன் செய்து என்ன சொன்னாள் தெரியுமா? "அவரு உசுரோட இருக்காருன்னு உங்களாலதானுங்கக்கா தெரிஞ்சுது. உங்களுக்கு எங்க குடும்பமே கடமப்பட்டிருக்குதுங்க." நான் "அழுகாத பூங்கொடி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். போன தீபாவளிக்கு ஒரு பாத்திரம் நிறைய அதிரசம் செய்து பஸ்ஸில் கொடுத்துவிட்டாள். உங்கப்பா சாப்பிட்டார். நான் தொடவில்லை. சர்க்கரை இருக்கிறது என்று சொன்னேன்.

இதற்கப்புறம்தான் பக்கத்தைப் பிரபுவிடமிருந்து மாற்றினேன். உனக்கு நான் சொன்ன காரணம், அவனுக்கு வேலை அதிகம் என்பது. மாற்றுவதே லேசாக இல்லை. பக்கத்தின் பெயர் பிரபுவின் மெயிலில் பதிவாகியிருந்தது. அவன் நல்ல பையன், கேட்டதும் மாற்றிக் கொடுத்தான். அந்தக் காய்ச்சலில் அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நம் பக்கத்தின் பெயரே நமக்குக் கிடைத்திருக்காது. புதிய இடம் தேடி மூன்று கம்பெனிகளுக்கு நானே போன் செய்தேன். வேண்டுமென்றே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செய்தேன், யார் எடுக்கிறார்கள் பார்க்கலாம் என்று. ஒருவர் எடுக்கவே இல்லை. இன்னொருவர் தேன் ஒழுகப் பேசினார். "நாளைக்கு நான் உங்களை விட்டுப் போறதா இருந்தா என் பக்கத்த முழுசா எடுத்துட்டுப் போக வழி இருக்குதுங்களா?" என்று கேட்டதும் அவர் குரல் இறங்கிவிட்டது. "ஏங்க மேடம், வரும்போதே போறதப் பத்திப் பேசறீங்க?" என்றார். மூன்றாவது இடத்தில் ஒரு பெண் பேசினாள். சர்வர் நின்றதே இல்லையா என்று கேட்டேன். "நின்னிருக்குங்க மேடம். ஒரு தடவ அஞ்சு மணி நேரம் நின்னுச்சு. ஏன் நின்னுச்சு, யாருக்கு என்ன பாதிப்புன்னு எங்க வெப்சைட்லயே எழுதி வெச்சிருக்கோம். படிச்சுப் பாத்துட்டுக் கூப்பிடுங்க" என்றாள். படித்தேன். பாதி புரியவில்லை. ஆனால் தங்கள் தப்பை நாளும் நேரமும் போட்டு எழுதியிருந்தார்கள். நான் அங்கே கொடுத்ததற்கு அதுதான் காரணம்.

இப்போது ஞாயிறுதோறும் தகவல்களைப் படித்து முடித்ததும் நானே ஒரு நகல் இறக்கித் தனி டிஸ்க்கில் வைக்கிறேன். மாசம் ஒருமுறை அந்த நகலை ஆபீசில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கிறேன். முதல் தடவை திறந்தபோது போட்டோ ஒன்றும் வரவில்லை. பேர் மட்டும் இருந்தது, முகம் இல்லை. நகல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே ஒரு மாசம் ஓட்டியிருக்கிறேன். அந்த ஹோஸ்டிங் கம்பெனிப் பெண்ணையே கூப்பிட்டுக் கேட்டுச் சரிசெய்தேன். மெயில் பெட்டியை வேறு கம்பெனியில் வைத்திருக்கிறேன். பாஸ்வேர்டுகளை ஒரு கவரில் போட்டு ஒட்டி ஆபீஸ் மேனேஜரிடம் கொடுத்திருக்கிறேன். எனக்கும் வயது ஐம்பத்தெட்டு, காய்ச்சல் எனக்கும் வரும்.

இவ்வளவும் நான் செய்தது நீ கேட்கச் சொன்ன மூன்று கேள்வியிலிருந்து வந்ததுதான். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதும் நான் உடனே சரி என்று சொல்லவில்லை. நீயும் தனி ஆள். நீயும் வேறு கம்பெனியிடம் மொத்தமாக இடம் வாங்கித்தான் தொடங்குகிறாய். நீயும் நல்ல பையன். பிரபுவும் நல்ல பையன்தான், சாமி. என்னை ஏமாற்ற வேண்டும் என்று அவன் ஒருநாளும் நினைத்ததில்லை. அவன் எதிரில் வாயை மூடிக்கொண்ட மாதிரியே உன் எதிரிலும் மூடிக்கொண்டு, பெற்ற பாசத்தில் தலையாட்டிவிட்டால், நான் எதையும் கற்கவில்லை என்று ஆகும்.

நீ எழுந்து போன மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ஓமலூருக்குப் பஸ் ஏறினேன். பூங்கொடி வீட்டு நடையில் உட்கார்ந்து வெள்ளிக் கொலுசுக்குச் சலங்கை கோத்துக்கொண்டிருந்தாள். பட்டறையிலிருந்து வாங்கி வந்து வீட்டிலேயே செய்கிறாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "ஏதாச்சும் தகவல் வந்துதுங்களாக்கா?" என்றாள். இல்லை என்றேன். "உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும் பூங்கொடி. கேட்டுட்டு நீ என்ன சொன்னாலும் சரி" என்று சொல்லி, ஒன்று விடாமல் சொன்னேன். பிரபு, காய்ச்சல், தங்கராசு அனுப்பின போட்டோ, நான் போடாத அறிவிப்பு. அவள் கை வேலை செய்துகொண்டே இருந்தது. கல்யாணம் என்று நான் சொன்ன இடத்தில் நின்றது.

"அப்ப அஞ்சு மாசம் அவரு அங்கயேதான் இருந்திருக்காருங்க."

"ஆமா."

"நீங்க போட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிருக்கும்."

கொலுசைக் கீழே வைத்தாள். "அந்தக் கல்யாணம் நல்லபடியா நடந்துச்சுங்களா?" என்று கேட்டாள். குத்திக்காட்டிக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. நடந்தது என்றேன். அவள் சலங்கைகளை ஒரு கிண்ணத்தில் வாரிப் போட்டாள்.

"நீங்க கெளம்புங்கக்கா. புள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வார நேரம். அதுங்க முன்னால நான் அழுவக் கூடாதுங்க."

சேலம் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், உட்கார இடம் இருந்தும்.

மூன்றாம் நாள் காலையில் அவளே போன் செய்தாள். எடுத்ததும் அக்கா என்று சொல்லவில்லை. "அந்த அறிவிப்ப இப்பவாச்சும் போடுங்க. என்னுளுது போச்சு. அந்த நாலு மாசத்துல வேற எத்தன பேரு என்னென்ன எழுதியிருந்தாங்களோ. ஏன் பதில் வரலீன்னு அவங்களுக்குத் தெரியோணுமில்லீங்க. என் பேரையும் அவரு பேரையும் மறைக்காமப் போடுங்க" என்றாள். சரி என்றேன். அவள் வைத்துவிட்டாள். என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைக்காதே. அப்படி ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போடும் முன்னே மோகனூருக்குப் போன் செய்தேன். அண்ணன் பாதியிலேயே வைத்துவிட்டார். இனி அந்த வீட்டு வாசல் எனக்கு எப்படி இருக்கும் என்று தெரியாது. பிரபுவிடம் தனியாகப் பேசினேன். "நீங்க அப்பவே அறிவிப்புப் போட்டுட்டீங்கன்னு நெனச்சுட்டிருந்தனுங்கத்தை. என் கல்யாணத்துக்காக நிறுத்துனீங்கன்னு எங்கிட்ட யாருமே சொல்லல. சொல்லியிருந்தா நானே போட்டிருப்பேன்" என்றான். அதை நம்புகிறேன். அவனை வெட்கத்திலிருந்து காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, சரியானதைச் செய்ய அவனுக்கு இருந்த வாய்ப்பையும் நான்தான் பறித்திருக்கிறேன்.

அறிவிப்பு இன்றைக்குக் காலையில் போட்டாயிற்று. பக்கத்தின் உச்சியில், பெரிய எழுத்தில், எந்த நாலு மாசம், எப்படிப் போயிற்று, ஏன் இத்தனை காலம் சொல்லவில்லை என்று இருக்கிறது. அதற்குக் கீழே இந்தக் கடிதம் வரும். இதுவரை எழுதினதை உங்கப்பாவிடம் படித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார், ஒரே தாளைத் திரும்பத் திரும்ப.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். உன்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டாய். இருக்கிறது. இந்தப் பக்கத்தை உன்னிடம் கொடுக்க அது போதாது. பூங்கொடிக்கு உன்னைத் தெரியாது. அவள் புருஷனின் முகம் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. உன் கடையில் நீ படுத்துவிட்டால் போனை எடுக்கப்போகிற இரண்டாவது ஆள் யார் என்று அவர் பேரோடு எழுது. நீ இடம் வாங்குகிற கம்பெனி எது, நகல் எங்கே இருக்கிறது, கடைசியாக அதை எப்போது திறந்து பார்த்தாய் என்று எழுது. இவையெல்லாம் உனக்குத் தெரியாதவை இல்லை, எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். ஆறு மாசம் மற்றவர்களின் பக்கங்களை ஓட்டிக் காட்டு. அதற்கப்புறம் பார்ப்போம்.

இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்குப் பதில் எழுதாதே, நேரில் வந்து சொல். உனக்கும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நாளைக்கு ஒரு நாள் உன் சர்வர் விழுந்து, யாரோ ஒருவருடைய தகவல் உன் கையில் அழிந்துபோகிறது என்று வைத்துக்கொள். உன் கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருக்கிறது. அப்போது நானே உனக்குப் போன் செய்து, "கல்யாணம் ஆவட்டும் சாமி, அது வரைக்கும் வெளிய சொல்லாத" என்று அழுகிறேன். அம்மா பேச்சைத் தட்டிவிட்டு, அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே, உன் கம்பெனியின் முதல் பக்கத்தில் நடந்ததை எழுதிப் போடுவாயா?

உன் அம்மா